வளர்த்தெடுத்த ரத்தக்குழாயில் ரத்தம் எப்படி ஓடுகிறது?

ஆய்வகத்தில் ரத்தக்குழாய் வளர்த்துவிட்டார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் அதில் இரண்டு கேள்விகளுக்குத்தான் பதில் இருக்கும். எவ்வளவு அழுத்தம் கொடுத்தால் வெடிக்கும்? ஒரு வருஷம் கழித்தும் அடைபடாமல் இருந்ததா? இரண்டும் தேவையான கேள்விகள்தான். ஆனால் ரத்த ஓட்டத்தைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கும் எனக்கு, இந்த இரண்டுக்கும் நடுவில் விடுபட்டுப்போகிற கேள்விதான் முக்கியமாகப் படுகிறது: அந்தக் குழாய்க்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது, ஓடும் ரத்தம் அந்தக் குழாயை என்ன செய்கிறது?

இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் என்றால் ஓட்டத்தை மட்டும் பார்த்தால் போதும், குழாய் அப்படியேதான் இருக்கும். உயிருள்ள சுவர் உள்ள குழாய் அப்படி இருக்காது. ரத்தம் ஓடும் விதத்துக்கு ஏற்ப சுவர் தடிக்கும், மெலியும், விரியும், சுருங்கும். அப்படி மாறிய சுவர் மறுபடி ஓட்டத்தை மாற்றும். இந்தச் சுழற்சியைக் கணக்கில் எடுக்காமல் ஒரே ஒரு நாளில் எடுத்த படத்தை வைத்து 'இது வெற்றி', 'இது தோல்வி' என்று எழுதுவது சரியில்லை. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது அதுதான்.

முதலில் பிளாஸ்டிக்கைப் பார்த்துவிடலாம். 1952-இல் ஆர்தர் வூர்ஹீஸும் அவரோடு இருந்தவர்களும் வினியான் என்ற செயற்கைத் துணியைக் குழாயாகத் தைத்து நாய்களின் தமனியில் பொருத்திய ஆய்வை வெளியிட்டார்கள். அப்புறம் டாக்ரான் என்ற பாலியஸ்டர் துணி வந்தது, டெஃப்லான் வகையான பி.டி.எஃப்.இ. வந்தது. பெருந்தமனி மாதிரி அகலமான குழாய்களில் இவை இன்றும் நன்றாக வேலை செய்கின்றன. விட்டம் 6 மி.மீ.க்குக் கீழே போனதும்தான் தொல்லை. ரத்தம் உறைகிறது, தையல் போட்ட இடத்தில் உள்சுவர் தடித்து வழியை மூடுகிறது. அதனால்தான் இதய பைபாஸுக்கு இன்னமும் நோயாளியின் காலிலிருந்து சிரையை எடுக்கிறார்கள், மார்புக்குள் இருக்கும் தமனியைத் திருப்பி விடுகிறார்கள், கையில் இருந்தும் எடுக்கிறார்கள். எடுக்க நல்ல சிரை இல்லாதவருக்கு என்ன வழி என்ற கேள்வியிலிருந்துதான் இந்தத் துறையே பெருமளவு வளர்ந்தது.

சிறிய குழாயில் ஏன் இவ்வளவு சிக்கல்? ரத்தம் சுவரை ஒட்டி நகரும்போது சுவரை ஓட்டத்தின் திசையில் மெல்ல இழுக்கிறது. துறையில் இதை ஷியர் ஸ்ட்ரெஸ் என்பார்கள். நான் இங்கே உரசல் என்று சொல்கிறேன். ஆரோக்கியமான தமனிகளில் இது சுமார் 1 முதல் 7 பாஸ்கல் வரை இருக்கும், சிரைகளில் அதற்கு மிகக் கீழே, 0.1 முதல் 0.6 பாஸ்கல் வரை. ரத்த அழுத்தத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. 100 மி.மீ. பாதரச அழுத்தம் என்பது 13,000 பாஸ்கலுக்கும் மேல். இருந்தாலும் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் எண்டோதீலியம் செல்கள் இந்தச் சின்ன இழுவையை உணர்கின்றன. ஒரே திசையில் போதுமான உரசல் இருந்தால் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டு, தசையைத் தளர்த்தி, ரத்தத்தட்டுகள் ஒட்டாமல் பார்த்துக்கொள்கின்றன. உரசல் 0.4 பாஸ்கலுக்குக் கீழே இறங்கினாலோ முன்னும் பின்னுமாகத் திசை மாறிக்கொண்டே இருந்தாலோ அதே செல்கள் அழற்சிப் பக்கம் சாய்கின்றன. தமனியில் கொழுப்பு படிவதும் உள்சுவர் தடிப்பதும் வளைவுகளிலும் கிளை பிரியும் இடங்களிலும் அதிகமாக இருப்பதற்குப் பெரிய காரணம் இது.

இந்த உணர்வு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு பழைய ஆய்வுகள் போதும். 1980-இல் காமியாவும் டொகாவாவும் நாய்களின் கழுத்துத் தமனியில் ரத்த ஓட்டத்தை வேண்டுமென்றே கூட்டினார்கள். சில மாதங்களில் தமனி விரிந்து, உரசல் ஏறக்குறைய பழைய அளவுக்கே திரும்பியது. 1986-இல் லாங்கிலும் ஓடானலும் முயல்களில் இதைத் திருப்பிச் செய்தார்கள். ஓட்டத்தைச் சுமார் 70% குறைத்தபோது தமனியின் விட்டம் சுமார் 21% சுருங்கியது. எண்டோதீலியத்தை அகற்றிவிட்டால் அந்தச் சுருக்கம் நடக்கவில்லை. இந்த இரண்டாவது முடிவை நான் எத்தனை தடவை படித்தாலும் அலுப்பதில்லை. தன் விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று குழாயே ஓட்டத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிறது, அந்தத் தீர்மானத்துக்கு எண்டோதீலியம் வேண்டும். பிளாஸ்டிக்குக்கு இது எக்காலத்திலும் வராது.

சரி, உயிருள்ள குழாயை எப்படிச் செய்வது? 1986-இல் வைன்பெர்க்கும் பெல்லும் கொலாஜன் என்ற புரதத்தையும் மாட்டின் செல்களையும் வைத்து முதல் மாதிரியைச் செய்தார்கள். தாங்கு வலு போதாமல் டாக்ரான் வலையைச் சுற்ற வேண்டியிருந்தது. 1998-இல் லெரோவின் குழு வெளிப் பொருள் எதுவும் சேர்க்காமல், செல்களைத் தாளாக வளர்த்துச் சுருட்டியே 2,000 மி.மீ. பாதரசத்துக்கு மேல் தாங்கும் குழாயைச் செய்து காட்டியது. 1999-இல் லாரா நிக்லாசனின் குழு வேறு வழியில் போனது. பாலிகிளைகாலிக் அமில இழைகளில் தசைச் செல்களை இட்டு, கருவில் இருக்கும் சிசுவின் இதயம் போல நிமிடத்துக்கு 165 முறை துடிக்கும் அழுத்தம் கொடுத்து, 8 வாரம் வளர்த்தார்கள். அவையும் 2,000-ஐத் தாண்டின. காலிலிருந்து எடுக்கும் சிரையே சுமார் 1,600-இல் கிழியும் என்று நினைத்துப் பாருங்கள்.

வெடிப்பழுத்தம் என்ற எண்ணுக்கு இந்தத் துறை இன்றும் கொடுக்கும் இடம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. நம் உடம்பில் இருக்கும் அழுத்தம் 120 சொச்சம். அதைப்போல பல மடங்கு தாங்கும் குழாய் வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. குழாய்கள் தோற்பது பெரும்பாலும் வெடித்து இல்லை, அடைபட்டு. அப்படியென்றால் அதிகம் அளக்க வேண்டியது வலுவையா, ஓட்டத்தையா?

இந்த இடத்தில் குழந்தைகளின் இதய அறுவைக்கு வர வேண்டும், ஏனென்றால் ஓட்டத்தைப் பற்றி நாம் கற்றதில் மிகச் சுவையான பகுதி அங்கேதான் இருக்கிறது. ஒரே ஒரு கீழறை மட்டும் ஒழுங்காக வேலை செய்யும் இதயத்தோடு சில குழந்தைகள் பிறக்கின்றன. பிரான்சைச் சேர்ந்த பிரான்சிஸ் ஃபோன்டான் 1968-இல் செய்து 1971-இல் வெளியிட்ட அறுவையின் வழிவந்த முறைகள்தான் இவர்களுக்கு இன்றும் செய்யப்படுகின்றன. இருக்கும் ஒரே கீழறை உடம்புக்கு ரத்தத்தைத் தள்ளும். உடம்பிலிருந்து திரும்பும் சிரை ரத்தம் இதயத்தின் வழியாகப் போகாமல் நேராக நுரையீரல் தமனிக்குப் போகும். அங்கே பம்ப் கிடையாது. வயிற்றுப் பக்கமிருந்து வரும் கீழ்ப் பெருஞ்சிரையை நுரையீரல் தமனியோடு இணைக்கச் சில சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாயை வைக்கிறார்கள், வழக்கமாக பி.டி.எஃப்.இ., பெரும்பாலும் 18 முதல் 20 மி.மீ. விட்டம். வைக்கும்போது குழந்தைக்கு வயது பெரும்பாலும் 2 முதல் 4 வரை. குழந்தை வளரும், குழாய் வளராது. வளர்ந்த பிறகும் போதட்டும் என்று பெரிதாக வைத்தால், சின்ன உடம்பின் குறைந்த ஓட்டம் அதற்குள் மந்தமாகிச் சுழன்று தேங்குகிறது. அந்தத் தேக்கத்தில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு.

கூடவே வளரும் குழாய் வேண்டும் என்ற தேவை இதைவிட வெளிப்படையாகத் தெரியும் இடம் வேறில்லை. ஜப்பானில் ஷினோகாவின் குழு, 4 வயதுச் சிறுமிக்கு அவளுடைய சொந்தச் செல்களை இட்ட, கரைந்துபோகும் பாலிமர் குழாயை நுரையீரல் தமனியின் இடத்தில் பொருத்தியது. 2001-இல் அது வெளியானது. பிறகு எலும்பு மஜ்ஜைச் செல்களைப் பயன்படுத்தி இதே வழியில் 25 பேருக்குச் செய்தார்கள். பல வருஷம் கழித்துப் பார்த்தபோது குழாய் காரணமாக யாரும் இறக்கவில்லை, எந்தக் குழாயும் கிழியவில்லை. சிலருக்குச் சுருக்கம் வந்திருந்தது.

அமெரிக்காவில் கிறிஸ்டோஃபர் ப்ரூயர் குழு 2011-இல் தொடங்கிய சோதனையிலும் அதே சுருக்கம்தான் வந்தது, அதுவும் எதிர்பார்த்ததைவிட அதிகமாக, சீக்கிரமாக. ஒரு சில நோயாளிகளோடு சோதனையை நிறுத்திவிட்டார்கள். சுருங்கிய குழாய்களை பலூன் வைத்து விரித்தார்கள். அந்தச் சமயத்தில் பார்த்தவர்களுக்கு இது தோல்வியாகத்தான் தெரிந்திருக்கும்.

சுருக்கம் ஏன் வந்தது என்று புரிய, குழாய் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது மாதிரிதான் இந்தப் பாலிமர். சுவர் எழும்பும் வரை பாரத்தைத் தாங்கிவிட்டுப் போய்விட வேண்டும். நாம் இட்ட செல்களே வளர்ந்து சுவராகின்றன என்று முதலில் நினைத்தார்கள். 2010-இல் இதே குழு எலிகளில் காட்டியது வேறு: இட்ட செல்கள் சில நாட்களிலேயே மறைந்துவிடுகின்றன. போவதற்கு முன் அவை அனுப்பும் ரசாயனச் செய்தியைக் கேட்டு உடம்பின் வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன, அந்த அழற்சிதான் புதுச் சுவரைக் கட்டும் வேலையைத் தொடங்கி வைக்கிறது. ஆக, அழற்சி இல்லாமல் சுவர் இல்லை. அதே அழற்சி மிஞ்சினால் சுவர் தேவைக்கு மேல் தடித்து வழியை அடைக்கும். இன்னொன்றும் உண்டு. சாரம் விறைப்பாக நிற்கும் வரை அழுத்தத்தின் பாரம் முழுக்க அதன் மேல் விழுகிறது, புதிதாக உருவாகும் திசுவுக்குத் தன் மேல் பாரம் இருப்பதே தெரியாது. பாரம் தெரியாததால் இயந்திர விசையின் கட்டுப்பாடும் இல்லை, அழற்சி சொன்னபடி திசு சேர்ந்துகொண்டே போகிறது. பாலிமர் கரைந்து, அழற்சி தணிந்து, பாரம் திசுவின் மேல் வந்த பிறகுதான் சுவர் தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்குகிறது.

ஜே ஹம்ஃப்ரி என்ற ஆய்வாளரின் கணித மாதிரிகள் சொன்னது இதைத்தான்: ஆரம்பச் சுருக்கம் தானாகவே சரியாகக்கூடும். 2020-இல் ப்ரூயர் குழு செம்மறி ஆடுகளில் சோதித்துப் பார்த்தபோது அப்படியே நடந்தது. பலூன் இல்லாமல், மருந்து இல்லாமல், சுருங்கிய குழாய்கள் மறுபடி விரிந்தன. கணக்கு முதலில் சொல்லி, உடம்பு பிறகு அதை உறுதிசெய்வது என் வேலையில் அடிக்கடி பார்க்கக் கிடைப்பதில்லை. அதனால் அந்தக் கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்கும் மாதங்களில் குழந்தையின் ரத்த ஓட்டம் என்ன ஆகும்? காத்திருக்கலாமா என்று தீர்மானிக்க வேண்டிய மருத்துவருக்கு வேண்டிய பதில் இது. 2021-இல் ஸ்டான்ஃபோர்டின் அலிசன் மார்ஸ்டனும் ப்ரூயரும் உள்ளிட்ட குழு அதே அமெரிக்க நோயாளிகளின் படங்களை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓட்டத்தைக் கணக்கிட்டு வெளியிட்டது. குழாயின் மாற்றத்தில் இரண்டு கட்டங்கள் தெரிந்தன. முதலில் வடிவம் வேகமாக மாறும் காலம். பிறகு குழாய் நிதானமாக வளர்ந்து, விறைப்பு குறையும் காலம். நோயாளிகளில் பார்த்த அளவு சுருக்கத்திலும் ஓட்டத்தின் அளவுகோல்கள் இயல்பான வரம்புக்குள்ளேயே இருந்தன. அவசரப்பட்டு பலூனை எடுக்க வேண்டாம் என்பதுதான் அவர்கள் வைத்த யோசனை.

குழாயில் ஓட்டத்துக்கு எவ்வளவு தடை என்று சொல்லும் பாய்சொய் சமன்பாடு தெரிந்தவர்களுக்கு இது முரணாகத் தோன்றும். ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும் என்று படித்திருக்கிறோமே, அப்படியிருக்க சுருக்கம் எப்படிப் பரவாயில்லை ஆகும்? கையாலேயே போட்டுப் பார்க்கலாம். நீளம் 5 செ.மீ., ஓட்டம் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். விட்டம் 18 மி.மீ. என்றால் உராய்வால் இழக்கும் அழுத்தம் சுமார் 0.02 மி.மீ. பாதரசம்தான். 14 மி.மீ. ஆகச் சுருங்கினால் 0.05. குறுகிய இடத்தில் ரத்தம் வேகமெடுத்து, தாண்டியதும் அந்த வேகத்தின் ஆற்றல் முழுவதும் வீணாகிறது என்று மோசமான நிலையையே எடுத்துக்கொண்டாலும் கூடுதலாக 0.2 சொச்சம். நுரையீரலின் மெல்லிய குழாய்கள் வழியாக அந்த ரத்தத்தைத் தள்ளவே பல மி.மீ. அழுத்தம் செலவாகிறது. வரிசையாக இருக்கும் தடைகளில் பெரியது நுரையீரல், இந்தக் குழாய் மிகச் சிறியது. சிறிய தடை மூன்று மடங்கு ஆனாலும் மொத்தம் பெரிதாக மாறாது.

அதற்காகச் சுருக்கம் எவ்வளவு போனாலும் பரவாயில்லை என்று அர்த்தமில்லை. அதே கணக்கில் விட்டத்தை 9 மி.மீ. ஆக்குங்கள். அழுத்த இழப்பு 1.3 மி.மீ. பாதரசம் பக்கம் வந்துவிடும். பம்ப் இல்லாத சுற்றில் அது கவனிக்க வேண்டிய எண். இப்போது குழந்தை ஓடி விளையாடுகிறது, ஓட்டம் இரட்டிப்பாகிறது என்று வையுங்கள். வேகத்தால் வரும் இழப்பு நான்கு மடங்காகும், மொத்தம் 5 மி.மீ.யை நெருங்கும். அசையாமல் படுத்திருக்கும்போது எடுத்த படத்தில் ஓரளவு சகிக்கக்கூடியதாகத் தெரிந்த குழாய், ஓடும்போது மூச்சை வாங்க வைக்கும். 14 மி.மீ. குழாயில் அதே இரட்டிப்பு ஓட்டத்துக்கு 0.8 தான். எல்லாச் சுருக்கமும் ஒன்றில்லை. எங்கே கோடு போடுவது என்பதை விட்டத்தின் சதவீதம் சொல்லாது, ஓட்டம்தான் சொல்லும். இது நேரான, மென்மையான குழாய்க்கான தோராயக் கணக்கு என்பதையும் சேர்த்தே வாசியுங்கள். நிஜக் குழாய் வளைந்திருக்கும், மேலிருந்து வரும் ரத்தம் எதிரே மோதும், மூச்சு இழுக்கும்போது ஓட்டம் கூடும்.

உரசலையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது ஆரத்தின் மூன்றாம் அடுக்கில் மாறுகிறது. அதே 2 லிட்டர் ஓட்டத்தில் 18 மி.மீ. குழாயில் 0.2 பாஸ்கல், 14-இல் 0.43, 9-இல் 1.6. சிரைப் பக்க ஓட்டத்துக்கு 18 மி.மீ. தாராளமான இடம், சுவர் குறைவான உரசலையே உணர்கிறது. ஓரளவு சுருங்கும்போது உரசல் கூடுகிறது, எண்டோதீலியம் படிந்த சுவருக்கு அது 'விரி' என்று சொல்லும் சமிக்ஞை. எனக்குத் தோன்றுவது, மிதமான சுருக்கத்துக்குள்ளேயே திருத்தத்துக்கான ஒரு தூண்டுதல் இருக்கிறது. அதில் பலூனை வைத்து இன்னும் முற்றாத சுவரைக் கிழித்து விரித்தால் புதுக் காயம், புது அழற்சி. ஸ்டென்ட் வைத்தால் உலோகம் அங்கேயே நின்றுவிடும், குழாய் வளரவேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டதற்கே அர்த்தம் போய்விடும்.

தமனிப் பக்கக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிக்லாசன் தொடங்கிய ஹ்யூமசைட் நிறுவனத்தின் குழாய் மனிதச் செல்களால் வளர்க்கப்பட்டு, பிறகு செல்கள் நீக்கப்பட்டு, 6 மி.மீ. விட்டத்தில் தயார் நிலையில் இருப்பது. நோயாளியின் சொந்தச் செல்கள் பிறகு அதில் குடியேறுகின்றன. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கை கால் தமனிக் காயங்களுக்கு இதை அனுமதித்தது. அதற்கு முன் டயாலிசிஸ் நோயாளிகள் 60 பேருக்கு, இயந்திரத்துக்கு ரத்தம் எடுக்கும் வழியாக இதைப் பொருத்தி 2016-இல் வெளியான முடிவைப் பாருங்கள்: 12 மாதத்தில் எந்தத் தலையீடும் இல்லாமல் திறந்திருந்தவை 28%, அடைப்பை நீக்கியோ விரித்தோ ஓட்டத்தைக் காப்பாற்றியவற்றையும் சேர்த்தால் 89%. ஒரே குழாய், ஒரே வருஷம், இரண்டு எண்கள். 'திறந்திருக்கிறது' என்று மட்டும் ஒருவர் சொன்னால் இந்த இரண்டில் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். டயாலிசிஸுக்கு நிமிடத்துக்கு சுமார் 600 மில்லிலிட்டர் ஓட்டம் வேண்டும். அதற்குக் கீழே இறங்கும் குழாய் ஸ்கேனில் திறந்தே தெரிந்தாலும் அடைபடும் வழியில் இருக்கக்கூடும்.

தமனியில் இன்னொரு தொல்லை விறைப்பு. ஒவ்வொரு துடிப்பிலும் தமனி விரிந்து சுருங்குகிறது, பி.டி.எஃப்.இ. ஏறக்குறைய அசையாது. இரண்டும் சேரும் தையலில் துடிப்பின் ஒரு பகுதி திரும்பி வருகிறது, சுவரை ஒட்டி ஓட்டம் பிரிகிறது, உரசல் திசை மாறுகிறது. உள்சுவர் தடிப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். வளர்த்தெடுத்த குழாய் காலப்போக்கில் பக்கத்துத் தமனியின் நெகிழ்வுக்கு அருகில் வந்தால் இந்தத் தொல்லை தானாகக் குறையும். அதனால் நெகிழ்வை ஒருமுறை மட்டும் அளக்காமல், மாதங்கள் போகப் போக எப்படி மாறுகிறது என்று தொடர்ந்து அளக்க வேண்டும்.

என்னைப் போலக் கணக்கு போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பார்ப்பதற்கு அழகான வண்ணப் படங்கள் வரும் துறை இது. சுவரை அசையாததாக வைத்து, குழாயின் மறுமுனையில் பூஜ்ஜிய அழுத்தம் என்று போட்டுவிட்டு ஓட்டினாலும் படம் அழகாகத்தான் வரும். ஆனால் குழாயைத் தாண்டி இருக்கும் நுரையீரலின் தடையை அந்த நோயாளியின் அளவீட்டிலிருந்து வைக்காவிட்டால் ஓட்டம் இடது நுரையீரலுக்கு எவ்வளவு, வலதுக்கு எவ்வளவு என்ற பங்கீடே தவறாகிவிடும். அந்தப் பங்கீடு முக்கியம். கல்லீரலிலிருந்து வரும் ரத்தம் ஒரு நுரையீரலுக்குச் சரியாகப் போகாவிட்டால் அங்கே தமனியும் சிரையும் நேரடியாக இணைந்துவிடும் கோளாறு வருகிறது. எம்.ஆர்.ஐ.யில் நேரத்தோடு சேர்த்து மூன்று திசையிலும் வேகத்தை அளக்கும் முறை இப்போது இருக்கிறது. கணக்கை அதோடு ஒப்பிட்டுக் காட்டாத கட்டுரையை நான் அரை மனதோடுதான் படிக்கிறேன்.

இந்தக் குழாய்களைப் பற்றிய எந்த முடிவை வெளியிட்டாலும் அதில் ஓய்வில் எவ்வளவு ஓட்டம், உடற்பயிற்சியில் எவ்வளவு, அழுத்த இழப்பு எவ்வளவு, 6 மாதத்திலும் 1 வருஷத்திலும் 5 வருஷத்திலும் இவை எப்படி மாறின என்ற வரிசை இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அடுத்து நான் ஓட்டப்போகும் கணக்கும் அதை ஒட்டியதுதான்: மேலே சொன்ன 18, 14, 9 மி.மீ. குழாய்களையே எடுத்து, மூச்சின் ஏற்ற இறக்கத்தையும் வளைவையும் சேர்த்து, இரட்டிப்பு ஓட்டத்தில் இழப்பு எந்த விட்டத்தில் திடீரென்று ஏறத் தொடங்குகிறது என்று பார்ப்பது. எண்கள் வந்ததும் இங்கேயே போடுகிறேன். யாராவது இதே கணக்கை வேறு மென்பொருளில் போட்டிருந்தால் எல்லைகளில் என்ன வைத்தீர்கள் என்பதோடு சேர்த்து எழுதுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.